நூற்றுப் பதினேழாம் குடும்பம்

2012ஆம் ஆண்டு நான் ஓரிடத்திலும் ஒழுங்காக இருந்ததில்லை. கதிரையில் இருந்தால் கால் தானாக ஆடும். ரயிலில் ஏறினால் இறங்க வேண்டிய நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்பே எழும்பிக் கதவடியில் போய் நிற்பேன். மின்னஞ்சலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். புதிதாக ஒன்றும் வந்திருக்காது, ஆனாலும் பார்ப்பேன்.

காரணம் விசா. இங்கே படித்து முடித்தவர்களுக்குக் கொடுக்கும் ஒன்றரை வருட விசா எனக்கு மே மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் போட்டாக வேண்டும். ஆங்கிலச் சோதனைப் பெறுபேறு, பொலிஸ் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரு நீல நிற ஃபைலில் தயாராக இருந்தன. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நான் வேலை செய்த ஆய்வுகூடத்திலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும்: இவர் இன்ன வேலையை, இவ்வளவு காலம், நம்பிக்கையாகச் செய்தார் என்று. அது வராவிட்டால் நான், என் கணவர், ஆறு வயது மகள் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். திரும்பிப் போவதற்கென்று எங்களுக்கு ஓர் இடம் மிச்சமிருக்கவில்லை. அது ஏன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, எழுதத் தொடங்கினால் வேறு கதையாகிவிடும்.

என் வேலை புழு எண்ணுவது. வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடைகளில் யாராவது "என்ன வேலை செய்யிறீங்கள் பிள்ளை?" என்று கேட்டால், முதலில் "லாப்பில" என்பேன். உடனே அவர்கள் முகத்தில் இரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரி, நல்ல சம்பளம் எல்லாம் தெரியும். பாவம், அவர்களை ஏன் ஏமாற்ற வேண்டும் என்று "புழு வளர்க்கிறன் அன்ரி" என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு கதை நீளாது.

ஆனால் அது சும்மா வேலை இல்லை. இந்த நாட்டில் மரபணு மாற்றிய பருத்தி கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கிறது. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சை அந்தச் செடி தானே தன் இலையில் உண்டாக்கிக்கொள்ளும், மருந்து அடிக்க வேண்டிய தேவை நன்றாகக் குறையும். சோளத்தில் அப்படியொரு விதையை இங்கே விதைப்பதில்லை. வேறு நாடுகளில் விதைத்திருந்தார்கள். அந்தச் சோளத்தின் நஞ்சுக்குச் சில புழுக்கள் பழகிவிட்டன என்ற செய்திகள் அந்த வருடங்களில் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் மேலாளர் அவற்றை அச்செடுத்துத் தேநீர் அறைச் சுவரில் ஒட்டுவார். பிஸ்கட் தின்றபடி அவற்றை வாசிப்போம்.

எங்கள் சாதாரணச் சோளத்துக்கு வேறொரு பாத்திரம் இருந்தது. பருத்தியைத் தின்னும் அதே காய்ப்புழு சோளத்தையும் தின்னும். சோளப் பொத்தியின் நாரில் அதன் தாய் அந்துப்பூச்சி முட்டை இடும். ஆகவே பருத்தி வயல்களை அடுத்திருக்கும் சோளத்தில் முட்டை பொறுக்கி, குளிர்ப் பெட்டியில் போட்டு, எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைப் பொரிக்க வைத்து, வளர்த்து, சோடி சேர்த்து, பேரப்பிள்ளைகள் வரை பார்ப்போம். பேரப்பிள்ளைகளை நஞ்சு கலந்த சாப்பாட்டில் விடுவோம். ஏழாம் நாள் எல்லாம் செத்துக் கிடந்தால் நல்ல செய்தி. ஒன்றிரண்டு உயிரோடு கொழுத்திருந்தால், அந்தக் குடும்பத்தின் இரத்தத்தில் நஞ்சைத் தாங்கும் குணம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட குடும்பங்கள் வயலில் பெருகினால் பருத்தியின் நஞ்சு பயனற்றுப் போகும். பழையபடி எல்லோரும் மருந்துத் தாங்கியைத் தூக்குவார்கள், பழையபடி அது மழையோடு ஆற்றுக்குள் போகும், மீன் மிதக்கும். அதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஒவ்வொரு பரம்பரைக்கும் ஓர் எண் கொடுப்போம். மற்றவர்கள் அதை 'லைன்' என்பார்கள். நான் மனதுக்குள் குடும்பம் என்பேன்.

முட்டையிலிருந்து பொரித்த புழு தலைமயிரில் வெட்டின ஒரு சின்னத் துண்டு அளவுதான் இருக்கும். தூரிகையின் நுனியால் தூக்கி, தட்டில் இருக்கும் குழிக்கு ஒன்றாக விட வேண்டும். ஒரு குழியில் இரண்டை விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், அவ்வளவு நல்ல பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் தூரிகை நுனி விரிந்துபோகும். கையுறை போட்ட கையோடு, ஈரப் பஞ்சில் தொட்டுத் தொட்டு அதைக் கூராக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி செய்தால் பொழுதுபட்டாலும் பாதித் தட்டு மிச்சமிருக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. யாரும் இல்லாத நேரம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நுனியை ஒரு உருட்டு உருட்டுவேன். ஊசி மாதிரிக் கூராகிவிடும். என் வேகத்தைப் பார்த்து மேலாளர் புதிதாக வருபவர்களை என் மேசைக்கு அனுப்பி, "இவரைப் பாருங்கள்" என்பார். அவர்கள் வரும்போது கையுறை போட்டுக்கொள்வேன்.

மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது தாண்டிய வெள்ளைக்காரப் பெண். வெயிலில் வயல் வயலாக அலைந்து முகமெல்லாம் புள்ளி. உரத்துக் கதைக்க மாட்டார். யாருடைய வேலையிலும் சந்தேகப்பட மாட்டார். தாளில் எழுதியிருப்பதை நம்புவார், அதை எழுதியவரையும் நம்புவார். இப்படி ஒருவருக்குக் கீழே வேலை செய்வது சுகம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூற்றுப் பதினேழாம் குடும்பம் வடக்கே ஒரு சோள வயலிலிருந்து வந்தது. ஏப்ரலில் அதன் பேரப்பிள்ளைகளை நஞ்சில் விட்டேன். ஏழாம் நாள் மூடியைத் திறந்தால், செத்த புள்ளிகளுக்கு நடுவே நாலு புழு உயிரோடு இருந்தன. சும்மா உயிரோடு இல்லை. பச்சையாக, தடித்து, சாப்பாட்டைக் குடைந்துகொண்டு இருந்தன. ஓடிப்போய் மேலாளரைக் கூட்டி வந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு வழக்கமான குரலில், "திரும்பச் செய்து பார்ப்போம்" என்றார். ஒரு தடவையை நம்பி யாரும் மணி அடிக்க மாட்டார்கள். அந்த நாலையும் அவற்றின் கூடப்பிறந்தவற்றையும் நல்ல சாப்பாட்டில் வளர்க்கவும், அதே குடும்பத்தின் அடுத்த தொகுதி முட்டை பொரித்ததும் மறுபடி சோதிக்கவும் சொன்னார்.

மறுசோதனை ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளியன்று மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு வந்தது: வகுப்பில் பேன் இருக்கிறது, தலையைப் பாருங்கள். பார்த்தேன். இருந்தது என்று சொன்னால் போதாது, குடியும் குடித்தனமுமாக இருந்தது. சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போன கடையில், கல்லாவில் இருந்த அன்ரியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"மருந்துக்கடைச் சாமானுக்கு வீணாக் காசைக் கொட்டாதேங்கோ பிள்ளை," என்றார். "வேப்பெண்ணெயைப் பிரட்டி, துணியால கட்டி, விடிய வாருங்கோ. ஒரு கிழமை கழிச்சு இன்னொருக்கா. ஈர் பொரிக்குமெல்லோ, அதுக்கு."

போத்தலையும் அவரே எடுத்துப் பைக்குள் போட்டார்.

ஞாயிறு பின்னேரம் குசினி வாசலில் மகளை இருத்திப் பிரட்டினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, ஐ ஸ்மெல் லைக் எ டெட் ட்ரீ" என்றாள். "வாயை மூடும், பேன் சாகட்டும்" என்றேன். அடுத்த நாள் காலை பேன் சீப்பால் வாரினேன். செத்த பேனும் சாகாத பேனும் எண்ணெயோடு சேர்ந்து வந்தன, விரலெல்லாம் பிசுபிசுத்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சவர்க்காரம் போட்டு ஒரு தரம் கழுவி, துவாயில் துடைத்துவிட்டு ஓடினேன். லிட்கமில் இறங்கி, பஸ் பிடித்து, ஆய்வுகூடத்துக்குப் போய், நஞ்சுத் தட்டுகளை முதலில் முடித்தேன். கையுறை இல்லாமல். வழக்கம்போல நுனியை உருட்டி உருட்டி. பிறகு பாத்திரங்களையெல்லாம் சுடுதண்ணீரில் கழுவி வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து, ஒப்பிடுவதற்காக வைக்கும் நஞ்சில்லாத தட்டுகளைச் செய்தேன்.

அடுத்த ஞாயிறு அன்ரி சொன்னபடி இரண்டாம் தடவையும் எண்ணெய் வைத்தேன். திங்கள் காலை மறுபடி வாரினேன். மறுபடி ஓடினேன். அன்றுதான் ஏழாம் நாள்.

நஞ்சுத் தட்டில் ஒன்றும் உயிரோடு இல்லை. நஞ்சில்லாத தட்டில் எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய நிம்மதி. நஞ்சைத் தாங்கும் குடும்பம் என்று வந்திருந்தால் ஆய்வுகூடமே அல்லோலகல்லோலப்படும், மேலாளர் வடக்கே பறந்துவிடுவார், என் கடிதத்தை யார் எழுதுவது? 'எதிர்ப்பு இல்லை' என்று தாளில் எழுதி அவரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துக் கையெழுத்து வைத்தார். "முதல் தடவை ஏதோ சில குழிகளில் நஞ்சு சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது. சரி, புதன்கிழமை மற்றவற்றோடு அப்புறப்படுத்திவிடு" என்றார். வளர்ப்பறையில் இடம் எப்போதும் பற்றாது. முடிந்த குடும்பங்களைப் புதன்கிழமைகளில் உறைபெட்டிக்குள் வைத்துக் கொல்வது என் வேலை.

மேசைக்குத் திரும்பி வந்து, தட்டுகளைக் கழுவப் போடுமுன் தூரிகையை எடுத்துச் சும்மா உருட்டினேன். கைப்பழக்கம். விரலை மூக்கருகே கொண்டுபோனது ஏன் என்று தெரியவில்லை. வேப்பெண்ணெய் மணம்.

நான் விவசாயம் படித்தவள். ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் நான் எழுதிய ஆய்வறிக்கையே வேப்பங்கொட்டையைப் பற்றியது: வேம்பு பட்ட இலையைப் புழு தொடாது, பட்டினி கிடந்து சாகும், நஞ்சைவிட மணமும் கசப்புமே போதும். எத்தனை மாதம் அந்தப் புழுக்களைப் பார்த்திருப்பேன். அதே வேப்பெண்ணெயை நகக்கண்ணில் வைத்துக்கொண்டு போய், உலகத்திலேயே மிகச் சின்ன வாய் கொண்ட உயிர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்திருக்கிறேன். வீட்டில் அது பேன் எண்ணெய், ஆய்வுகூடத்தில் அது பூச்சிகொல்லி. இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு மட்டும் அந்த ஒரு வாரம் உறைக்கவில்லை. நஞ்சில்லாத தட்டு தப்பியது, இடையில் பாத்திரம் கழுவிய சுடுதண்ணீரில் கையும் சுத்தமானதால்தான். மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

செத்த தட்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். பருத்தி நஞ்சில் சாகிற புழு முதலில் ஒரு வாய், இரண்டு வாய் தின்றிருக்கும். சாப்பாட்டின் மேல் சின்னச் சின்னக் கடிகாயம் தெரியும். இந்தத் தட்டில் குழிக்குக் குழி பார்த்தேன். சாப்பாடு வழவழவென்று அப்படியே இருந்தது. புழுக்கள் எல்லாம் மூடியோடு ஒட்டிச் செத்துக் கிடந்தன. சாப்பாட்டை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயிருந்தன.

ஆகவே மறுசோதனை ஒன்றையும் சோதிக்கவில்லை. அந்த நாலு கொழுத்த புழுக்களும் உண்மையாக இருக்கலாம். அவை அப்போது கூட்டுப்புழுவாகி, கூடப்பிறந்தவற்றோடு மூன்று கிண்ணங்களில் வளர்ப்பறைச் சுவர்த்தட்டில் இருந்தன. அவை இருக்கும்வரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னால், அவற்றிலிருந்து இன்னொரு தலைமுறை எடுத்து, இன்னொரு முறை சோதிக்கலாம். அவ்வளவுதான். ஆனால் கையுறை போடாமல் வேலை செய்தேன், அதுவும் எத்தனையோ மாதமாக, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் நூற்றுப் பதினேழு மட்டுமா போகும்? நான் தொட்ட அத்தனை தட்டும் கேள்விக்குறி. 'நம்பிக்கையாகச் செய்தார்' என்று எந்த மனுஷி எழுதுவாள்?

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் பிளெமிங்டன் மரக்கறிச் சந்தையில் பெட்டி ஏற்றுகிற வேலை. விடிய முன்னம் போய் மத்தியானம் வருவார். கதிரையில் காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"கடிதம் எப்பவாம்?"

"வியாழன் கையெழுத்து வைக்கிறன் எண்டவ."

"அப்ப வியாழன் வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரும். வெள்ளி போய்ச் சொல்லும். நாலு நாளில என்ன குடி முழுகப் போகுது?"

"பொய் சொல்லிற மாதிரி இருக்கப்பா."

"இஞ்ச பாரும், ஆரும் உம்மட்ட கேட்டவையே? கேக்காததுக்குச் சொல்லாமல் இருக்கிறது பொய்யில்லை. பிள்ளையை நினையும்."

பழியை அவர்மேல் போட எனக்கு ஆசைதான். முடியாது. அந்தப் பதில் வரும் என்று தெரிந்துதான் அவரிடம் கேட்டேன். புதன்கிழமை என்ன நடக்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நடந்தேன். வேலை செய்தேன் என்று சொல்ல முடியாது, நடந்தேன். வளர்ப்பறைக்கும் மேசைக்கும், மேசைக்கும் தேநீர் அறைக்கும். மேலாளரின் கதவு வரை மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் தொலைபேசியில் இருந்தார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. இரண்டாம் தடவை நான் தட்டவே இல்லை. மூன்றாம் தடவை அவரே என்னைக் கண்டு, கணினித் திரையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார்.

"உன் கடிதம்தான். கொஞ்சம் நீண்டுவிட்டது, பரவாயில்லையா?"

நன்றி என்றேன். வேறு ஏதாவது வேண்டுமா என்றார். இல்லை என்றேன். வெளியே வந்து கழிப்பறையில் போய்க் கைகளைக் கழுவினேன். தோல் சிவக்கும்வரை கழுவினேன். போன வாரத் திங்கட்கிழமை கழுவியிருக்க வேண்டிய கை.

புதன்கிழமை காலை அப்புறப்படுத்தும் பட்டியல் மேசையில் இருந்தது. என் கையெழுத்தில் நானே எழுதிய பட்டியல். நூற்றுப் பதினேழு அதில் நாலாவது. வளர்ப்பறைக்குள் போய்க் கிண்ணங்களை எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்கினேன். கூட்டுப்புழு மண்ணிறமாக, பேரீச்சம்பழக் கொட்டை மாதிரி இருக்கும். உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டால் வால்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டும். அந்த நாலையும் தனியாகக் கடைசிக் கிண்ணத்தில் வைத்திருந்தேன். தொட்டேன். நாலும் ஆட்டின.

ஒரு கிண்ணத்தை மட்டும் ஒளித்து வைத்தால் என்ன என்று யோசித்தேன். எங்கள் சாதாரண வளர்ப்புப் புழுக்களின் கிண்ணங்கள் சுவர்த்தட்டு நிறைய இருந்தன. அவற்றுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் வெள்ளிக்கிழமை வரை யார் கண்டது? கையில் எடுத்துக்கொண்டு சுவர்த்தட்டு வரை போனேன். எண் எழுதிய ஒட்டுத்தாள் என்னைப் பார்த்தது. யாராவது கண்டால் கேட்பார்கள்: முடிந்த குடும்பத்தை ஏன் வைத்திருக்கிறாய்? கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் வியாழக்கிழமை வராது. ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு வைக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவ்வளவு பயம் எனக்கு.

உறைபெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பித் திறந்து, வெளியே எடுத்து, கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நடைபாதையில் காலடி கேட்டது. திரும்ப உள்ளே வைத்தேன். துப்புரவுக்காரர் வாளியோடு கடந்து போனார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் தடவை திறந்தது மத்தியானம். கிண்ணத்தின் உட்சுவரில் பனி படிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், எதுவும் ஆடவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் மகளுக்குக் காரணமில்லாமல் ஏசினேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மேலாளர் ஒரு வெள்ளை உறையைக் கையில் தந்தார். இரண்டு பக்கக் கடிதம், கீழே நீல மையில் கையெழுத்து. தோளில் தட்டி, "நீ இங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை" என்றார். உறையைப் பைக்குள் வைத்தேன். வழி நெடுகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன், களவெடுத்தவள் மாதிரி.

வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னேன். மனச்சாட்சி தூங்கவிடவில்லை என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. கடிதம் கிடைத்துவிட்டது, அதனால் துணிச்சல் வந்தது. அவ்வளவுதான். பேன், வேப்பெண்ணெய், தூரிகை, கையுறை, கடிகாயம் இல்லாத சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பேன் என்ற இடத்தில் அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"கூட்டுப்புழுக்கள்?" என்று கேட்டார்.

"புதன்கிழமை வைத்துவிட்டேன்."

அவர் எழும்பி உறைபெட்டி வரை போனார். நானும் பின்னால் போனேன். அந்தக் கிண்ணத்தை எடுத்து, மூடியைத் திறந்து, நாலையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். ஒரு விரலால் உருட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. பார்க்க ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும்.

"இது உனக்கு எப்போது தெரிந்தது?" என்று கேட்டார். அதட்டலாக இல்லை. அறிக்கையில் எழுத வேண்டிய ஒரு தகவல் மாதிரித்தான் கேட்டார்.

"இன்று காலை," என்றேன்.

வாயிலிருந்து அது எவ்வளவு லேசாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. திங்கட்கிழமை என்று சொல்ல வாய் திறந்தேன் என்றோ, சொல் மாறி வந்துவிட்டது என்றோ நடிக்கப் போவதில்லை. ரயிலிலேயே அந்தக் கேள்வியை எதிர்பார்த்து, அந்தப் பதிலைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் தலையை ஆட்டினார். அறைக்குத் திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தார். அந்தக் குடும்பத்தை 'சோதனை செல்லாது, மாதிரி இழக்கப்பட்டது' என்று பதிவோம் என்றார். என்னுடைய மற்றத் தட்டுகளில் சிலவற்றை வேறொருவரைக் கொண்டு மறுபடி செய்விப்போம் என்றார். அடுத்த பருவம் அதே வட்டாரத்தில் கூடுதலாக முட்டை பொறுக்கச் சொல்வோம் என்றார். "அங்கே உண்மையிலேயே ஏதாவது இருந்தால் மறுபடி நம் கையில் சிக்க வேண்டும்," என்றவர், பதிவேட்டை மூடிவிட்டு, "ஒரு வருடம் கழித்து," என்றார். ஒரு வருடத்தில் அந்தப் புழுவுக்கு எத்தனை தலைமுறை என்பதை இரண்டு பேரும் அறிவோம்.

பிறகு, "நேற்றுத் தந்த கடிதம் உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

வீட்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது பொய்க்கு அன்று தெம்பு இருக்கவில்லை. பையைத் திறந்து உறையை நீட்டினேன். கிழிக்கப் போகிறார், கிழிக்கட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடம் மட்டும் என் உடம்பு ஆடாமல் அசையாமல் இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு கிடைத்த அமைதி.

அவர் கடிதத்தை விரித்து, மேசையில் வைத்து, தன் கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் பேனாவால் ஒரு வரி எழுதினார். ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். மடித்து, உறைக்குள் வைத்து, என் கையில் தந்தார். "உன்னை மாதிரி ஆட்கள் எங்களுக்குக் குறைவு," என்றார். "பயப்படாமல் போ."

ரயிலில் திறந்து பார்த்தேன். 'தன் பிழையை, யாரும் கேட்காமலே, தெரிந்த அன்றே வந்து சொல்பவர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

வீட்டில் கணவர் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். "பாத்தீரே? நான் சொன்னனான் எல்லோ," என்றார். "இதைவிட நல்ல கடிதம் ஆருக்குக் கிடைக்கும்?" அவர் கண் கலங்கியிருந்தது. மூன்று வருடமாக அவர் முகத்தில் நான் காணாத சந்தோஷம் அது.

வேறு பிரதி கேட்கலாம். கையால் எழுதிய வரி விண்ணப்பத்துக்கு ஒத்துவராது, அது இல்லாமல் ஒன்று அடித்துத் தாருங்கள் என்று திங்கட்கிழமை போய்க் கேட்டிருக்கலாம். அவர் ஒன்றும் யோசிக்காமல் தந்திருப்பார். அன்று மாலை முழுவதும் வீட்டுக்குள் நடந்து நடந்து அதைத்தான் யோசித்தேன். நல்ல கடிதம், வேண்டிய கடிதம், அந்த வரி இருந்தால் இன்னும் பலமான கடிதம்.

அந்த வரியோடேயே ஸ்கான் பண்ணி அனுப்பினேன்.